பெட்டி குடித்த கடல் நீர்: தங்கச்சிமடத்து வண்டி ஒன்றின் கியர் பாக்ஸ் ஆய்வு

வண்டி, ஏழு பேர் உட்காரும் டீசல் கார். பின் சக்கர இழுவை, கையால் போடும் ஐந்து கியர். ஓட்டம் 1,38,000 கி.மீ. வண்டிக்காரர் தங்கச்சிமடம். நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டும் கணவாயும் எடுத்துக் கைமாற்றி விடுகிற ஏவாரி. கடைசி வரிசை இருக்கையைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருப்பார். வண்டிக்குள் தலையை விட்டால் கணவாய் வாசம் முதலில் வரும், டீசல் வாசம் பிறகுதான்.

என் பட்டறை உச்சிப்புளிப் பக்கம். இந்த வண்டி என்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை நான் செய்த வேலை தப்பு. இரண்டாம் முறை வந்தபோதுதான் அது தெரிந்தது. இரண்டையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரம்

"அண்ணே, மூணுலேருந்து ரெண்டுக்கு இறக்குனா கர்ருங்குது. ரிவர்ஸும் அரைக்குது."

அவர் சொன்னது இவ்வளவுதான். நான் கேட்டது அதைவிடக் குறைவு. கிளட்ச் எப்போது மாற்றினீர்கள் என்றேன். வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றார். ஒன்றரை லட்சத்தை நெருங்குகிற வண்டி, தினமும் மணலில் ஏறி இறங்குகிற வண்டி, போதாததற்கு ரிவர்ஸ் அரைக்கிறது. கிளட்ச் முழுசாக விடவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து விநாடி போதும். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி ஐந்து எண்ண வேண்டும். அதற்குப் பிறகு ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் அரைத்தால் கிளட்ச் விடவில்லை. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகத்தான் விடுகிறது; ஓட்டுகிறவர் அவசரப்படுகிறார். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ ரிங் (கியர் விழுமுன் இரண்டு பக்கச் சுற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிற வளையம்) கிடையாது. மிதித்த பிறகும் உள்ளே ஷாஃப்ட் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், அது நிற்குமுன் பல்லைப் பல்லோடு சேர்த்தால் அரைக்கத்தான் செய்யும். நான் ஐந்து எண்ணவில்லை. முப்பது வருசம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற நினைப்பு அன்றைக்கு எண்ண விடவில்லை.

கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். பின் சக்கர இழுவை வண்டியில், பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற புரப்பல்லர் ஷாஃப்ட்டை உருவியதும் பெட்டியின் வால் பக்கத்திலிருந்து எண்ணெய் ஒழுகும். எல்லாப் பட்டறையிலும் செய்கிற மாதிரி பாலிதீன் பையைச் செருகிக் கட்டினோம். கட்டுவதற்குள் அரை டம்ளர் போல வெளியே வந்துவிட்டது. தரையைத் துடைத்த பையன் சொன்னான்:

"அண்ணே, எண்ணெய் டீ மாதிரி இருக்குண்ணே."

"பழைய எண்ணெய்டா. தொட."

அரை டம்ளர் போன பெட்டி. திரும்ப ஏற்றி மாட்டிவிட்டு அளவு பார்க்கப் பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்தேன். எண்ணெய் குறைந்திருக்க வேண்டும். மாறாக, துளை வழியாக வழிந்தது. நிறையத்தான் இருக்கிறது என்று சந்தோஷமாக மூடினேன். வெளியே போனதையும் தாண்டி எப்படி நிறைந்தது என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதுசு. கழற்றிய பிளேட்டில் தேய இன்னும் இடம் இருந்தது. அதையும் பார்த்தேன், "எப்படியும் மாத்த வேண்டியதுதானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புது கிளட்ச்சின் இதத்தில் கியர் கொஞ்சம் லேசாக விழுந்தது. வண்டிக்காரருக்குத் திருப்தி. எனக்கும்தான்.

பிப்ரவரி கடைசி

இந்தத் தடவை அரைக்கும் சத்தத்தோடு ஊளையும் சேர்ந்து வந்தது. முதலில் அதைக் கேட்டது பாம்பன் சாலைப் பாலத்தில்தானாம். அது நடக்கக்கூடியதுதான். 1988-இல் திறந்த அந்தப் பாலம் 2 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் வண்டியின் சத்தம் ஓரச் சுவரில் பட்டு நம் காதுக்கே திரும்பி வரும். காற்று அடங்கிய விடியற்காலையில் பேரிங் சத்தம் கேட்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டேன். மெல்லிய உறுமல் இருந்தது. கிளட்ச்சை மிதித்ததும் நின்றது, விட்டதும் திரும்ப வந்தது. ரிலீஸ் பேரிங் என்றால் இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் கத்தும். மிதித்தால் நிற்கிறது என்றால், கிளட்ச் வழியாகச் சுற்றுகிற ஏதோ ஒன்று. அதாவது பெட்டிக்குள்ளே.

பிறகு சாலை. மண்டபம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எல்லாவற்றிலும் ஊளை. நான்கில் மட்டும் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலுல நல்லாருக்குல்ல? அப்ப நாலுலயே ஓட்டிக்கிறேன்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாலும், நோயின் இருப்பிடம் அந்த நான்கில்தான் இருந்தது.

இந்த மாதிரிப் பெட்டியில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை ஷாஃப்ட் இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் சுற்று மேலிருந்து கீழே இறங்கி, கவுன்டர் ஷாஃப்ட் வழியாகப் போய், மறுபடி மேலே ஏறி வெளியேறும். நான்காவது கியரில் மட்டும் மேலே உள்ள இரண்டு ஷாஃப்ட்டும் நேருக்கு நேர் பூட்டிக்கொள்ளும். கவுன்டர் ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் சுமை எதுவும் இல்லாமல் சும்மா சுற்றும். சுமை போனதும் சத்தம் போகிறது என்றால் வியாதி கவுன்டர் ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங்கில். பெட்டியைப் பிரிக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

டிரெயின் பிளக்கை இறக்கினேன். ஊற்றியது எண்ணெய் என்று சொல்ல முடியாது. ஆற்றி வைத்த பால் டீ. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிற மசி ஒட்டியிருந்தது. மசி மட்டும் என்றால் கவலையில்லை, எந்தப் பெட்டியிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் மசிக்கு நடுவே மீன் செதில் மாதிரி இரண்டு மூன்று சில்லு. அது பேரிங்கின் தோல் உரிந்த சில்லு. அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 2 லிட்டரைத் தாண்டியது. அந்தப் பெட்டி கொள்ள வேண்டியது 1.8 லிட்டர்.

ஜனவரி டீ இன்றைக்கு ஞாபகம் வந்தது என்று பையன் முகத்தில் எழுதியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர்தானா என்று உறுதி செய்ய வீட்டிலிருந்து பழைய தோசைக்கல் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். சூடேற்றி ஒரு சொட்டு விட்டேன். கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடித்தது. நல்ல எண்ணெய் வெடிக்காது, பரவிப் புகையும். மிச்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் பிரிந்து நின்றது. அதில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து எவர்சில்வர் கரண்டியில் காய்ச்சினேன். மழைத்தண்ணீர் என்றால் லேசான கறையோடு போயிருக்கும். இதில் வெள்ளையாக, மணி மணியாக உப்பு பூத்தது. எண்ணெயில் கலக்கிற மருந்தும் கொஞ்சம் படியும் என்பது சரிதான், ஆனால் உப்பளம் பார்த்த கண்ணுக்கு உப்பைத் தெரியாதா?

கடல் எப்படி உள்ளே போனது

"தம்பி, வண்டியைக் கடல்ல இறக்குனீங்களா?"

"இல்லண்ணே."

"யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொன்னார். நவம்பர் கடைசி. தனுஷ்கோடிப் பக்கம், ஆண்கடல் ஓரம். (மன்னார் வளைகுடாவை இங்கே ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வோம். பெண்கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், ஆண்கடல் அப்படியில்லை.) கரைவலையில் நல்ல மீன்பாடு. கூடைகளைத் தூக்கிவர ஆள் குறைவு என்று, வண்டியைப் பின்புறமாகத் தண்ணீர் ஓரம் வரை இறக்கியிருக்கிறார். அலை ஏறியது, பின் சக்கரம் மணலில் புதைந்தது. ஆள் திரட்டி இழுத்து வெளியேற்ற முக்கால் மணி நேரம். "கதவுக்குள்ள சொட்டுத் தண்ணி வரலண்ணே, அதான் கடல்ல இறக்குனதா நெனைக்கல."

கதவுக்குள் வராதது உண்மைதான். ஆனால் கரைச் சரிவில் பின்பக்கம் தாழ்ந்து நின்ற வண்டியில், பெட்டியின் வால் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது.

சும்மா நனைந்தால் மட்டும் தண்ணீர் உள்ளே போய்விடாது. வாலில் ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பெட்டியின் உச்சியில் இருக்கிற, பட்டாணி அளவு மூடி ஒன்று வருகிறது. பிரீதர். வண்டி ஓடும்போது பெட்டி சூடாகும், உள்ளே காற்று விரியும். விரிந்த காற்று பிரீதர் வழியாக வெளியே போகும், ஆறும்போது அதே வழியாக உள்ளே வரும். பெட்டி மூச்சு விடுகிற மூக்கு அது.

ராமேசுவரத்திலிருந்து ஓடிவந்த பெட்டி 80 டிகிரிச் சூட்டில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கடல் நீர் பட்டு 30 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே உள்ள காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். எண்ணெயும் பல்சக்கரமும் போக உள்ளே இரண்டேகால் லிட்டர் காற்று இருக்கிறது என்றால், 300 மில்லிக்கு மேல் வெளியிலிருந்து உறிஞ்சியே தீரும். பெட்டியிலிருந்து வந்த அதிகப்படியோடு இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனபோது எனக்கே ஒரு சிலிர்ப்பு.

பிரீதர் திறந்திருந்தால் மேலே இருக்கிற காற்றை உறிஞ்சியிருக்கும், அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. இந்த வண்டியில் பிரீதர் திறந்திருக்கவில்லை. மணலும் உப்பும் ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகி மூடியை அடைத்திருந்தது. ஊசியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. மூக்கை அடைத்தால் வாயால் மூச்சு வாங்குகிற மாதிரி, பெட்டி தன் வாலில் இருந்த ஆயில் சீல் வழியாக இழுத்திருக்கிறது. அந்த சீலும் ஏற்கெனவே நொந்துபோனது. அதில் போய் உட்காருகிற புரப்பல்லர் ஷாஃப்ட் முனையில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. தவிர, மூக்கடைத்த பெட்டி சூடேறும்போதெல்லாம் காற்றை அந்த சீல் வழியாகத்தான் வெளியே தள்ளியிருக்கும். "அங்க கொஞ்சம் எண்ணெய்க் கசிவு இருந்துச்சுண்ணே, ஒரு வருசமா" என்று வண்டிக்காரர் பிறகு சொன்னார். நான் கேட்காததால் முன்பே சொல்லவில்லை.

அடுத்து நடந்ததுதான் பேரிங்கைக் கொன்றது. டிசம்பரில் புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போகவில்லை, வண்டி ஒன்பது நாள் வீட்டு வாசலில் நின்றது. ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலந்து அடிபடும், எல்லா இடத்திலும் கொஞ்சம் எண்ணெயாவது ஒட்டியிருக்கும். நிற்கும்போது தண்ணீர் பிரிந்து அடியில் போய்த் தங்கும். அடியில் இருப்பது கவுன்டர் ஷாஃப்ட்.

பிரித்தபோது

கவுன்டர் ஷாஃப்ட்டின் பின்பக்கப் பேரிங்கின் வெளிவளையத்தைத் துடைத்து வெயிலில் பிடித்தேன். ரோலர்கள் எந்த இடைவெளியில் இருக்குமோ அதே இடைவெளியில் கறுப்புக் கோடுகள், சீப்பின் பல் மாதிரி. தேய்மானம் இப்படிக் கோடு போடாது. சுற்றாமல் நின்ற ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்று அரித்த தடம் அது. ஒன்பது நாள் நின்றதன் கையெழுத்து. அந்தக் கோடுகளில் இரண்டு உதிர்ந்து குழியாகியிருந்தன. பிளக்கில் கிடைத்த செதில் அங்கிருந்து போனதுதான்.

இரண்டாம் கியரின் பித்தளை சின்க்ரோ ரிங்கை அதன் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். 0.4 மி.மீ. புது ரிங்கில் 1 மி.மீ.யை ஒட்டி இருந்தது. மூன்றாம் கியரில் 0.6. ஆக, முதல் நாள் அவர் சொன்ன "மூணுலேருந்து ரெண்டு" சத்தம் கிளட்ச்சே இல்லை. துருப்பொடி கலந்த எண்ணெய், வால்வு தேய்க்கிற பசை மாதிரி அந்தப் பித்தளையை உரசி எடுத்திருக்கிறது. கிளட்ச் கோளாறு என்றால் எல்லாக் கியரும் சேர்ந்து முரண்டு பிடித்திருக்கும். ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரிவர்ஸ் அரைத்தது பாதி அவருடைய அவசரம். இரண்டு வேறு சத்தத்தை ஒரே சத்தமாகக் கட்டியது நான்.

பல்சக்கரங்கள் தப்பித்திருந்தன. உள்ளே எல்லாவற்றையும் டீசலில் கழுவி, காற்றடித்து, உடனே எண்ணெய் பூசினோம். பேரிங் எல்லாம் புதுசு. முன்பக்கத்தில் ஒன்று நன்றாக இருப்பதாகத் தோன்றியது, ஆனாலும் உப்புத் தண்ணீரில் குளித்த பேரிங்கை நம்பி மூடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு, மூன்று கியர்களின் சின்க்ரோ ரிங், எல்லா ஆயில் சீல்களும், குழி விழுந்த புரப்பல்லர் ஷாஃப்ட் முனை, இவற்றையும் மாற்றினேன். புது சீலைப் போட்டுவிட்டுப் பழைய முனையையே செருகுகிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் அந்தக் குழி புது சீலைத் தின்றுவிடும்.

கவுன்டர் ஷாஃப்ட் கூம்பு பேரிங்கில் ஓடுவது. அதற்கு ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டுகிற மெல்லிய தகடு) சரியாக வைப்பதில் ஒரு முழு மதியம் போனது. முதலில் வைத்தது இறுக்கம். கையால் சுற்றினால் மாவாட்டுவது போல இருந்தது. அப்படியே மூடியிருந்தால் சூட்டில் பேரிங் பொசுங்கியிருக்கும். மெல்லிய ஷிம் மாற்றி, டயல் கேஜ் வைத்து, கம்பெனிப் புத்தகம் சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

எண்ணெய் ஊற்றுகிற நேரத்தில் பையன் கிரவுனுக்கு (பின் அச்சின் நடுவில், சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துவிடுகிற பல்சக்கரக் கூடு) வைத்திருந்த கேனைத் தூக்கி வந்தான். இரண்டும் "கியர் ஆயில்" என்றுதான் கடையில் கேட்கிறோம், மணமும் ஒன்றுதான், அவன் மேல் தப்பில்லை. கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் உண்டு; கிரவுனுக்கு ஊற்றுவது ஜிஎல்-5. அங்கே பல்லும் பல்லும் வழுக்கித் தேய்கிற அழுத்தம் அதிகம், அதனால் கந்தக-பாஸ்பரஸ் மருந்து ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு சேர்ப்பார்கள். சூட்டில் அந்த மருந்து பித்தளையைக் கறுக்க வைத்து அரிக்கக்கூடும். இன்னொன்று, சின்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வால். வழுக்கல் கூடினால் அது கூம்பைப் பிடித்து நிறுத்த முடியாது, கியர் அரைக்கும். எல்லாப் பெட்டிக்கும் இதுவே விதி என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வண்டிக்கும் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இந்த வண்டிக்கு 75 டபிள்யூ 90, ஜிஎல்-4. அதையே ஊற்றி, 200 கி.மீ. ஓட்டிவிட்டு வரச் சொல்லி, அதைக் கொட்டிவிட்டு மறுபடி புதிதாக ஊற்றினோம். முதல் தடவை கொட்டியதில் இன்னும் லேசான மங்கல் இருந்தது.

பிரீதரில் மூடியை எடுத்துவிட்டு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, இன்ஜின் அறையின் பின்சுவர் உச்சி வரை கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினேன். செலவு நூறு ரூபாய்க்குள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை திறப்பதற்கு முன், தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப்போன வேன்கள் இருந்தன. அந்த வேன்களைப் பார்த்துவந்த மூத்த மெக்கானிக்குகள் பெட்டிக்கும் கிரவுனுக்கும் இப்படி ஹோஸ் ஏற்றிவைப்பதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எண்ணெயையும் கிலோமீட்டர் கணக்கில் மாற்ற மாட்டார்கள், பிளக்கைத் திறந்து நிறம் பார்த்து மாற்றுவார்கள். சாலை வந்தது, கார்கள் வந்தன, ஹோஸை நாங்கள் மறந்துவிட்டோம்.

கூலி, பிறகு கிரவுன்

பில் போடும்போது வண்டிக்காரர் கேட்டார்:

"அப்ப ஜனவரியில நீங்க பாத்த வேலை?"

"தேவையில்லாத வேலைதான், தம்பி."

உதிரிப்பாகத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன், இரண்டாம் முறைக் கூலி இல்லை. கிளட்ச் காசைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் பெரிய மனசு எனக்கு இல்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு கிலோ நீலக்கால் நண்டைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். டீ என்று சொன்னவன் அவன்தானே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும் என்றாலும் ஏவாரம் படுத்துவிடும், வண்டியை விட்டுப் பார்க்க அதுதான் தோது. மே மாதம் பிளக்கைத் திறந்தேன். எண்ணெய் தேன் நிறம். காந்தத்தில் மசி மட்டும், செதில் இல்லை. நான்கிலும் மூன்றிலும் ஒரே சத்தம், அதாவது டயர் சத்தம்.

இரண்டாம் கியர் விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக விழுகிறது. புது ரிங் பழகவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், முழு நம்பிக்கையோடு அல்ல.

கிரவுனையும் அன்றைக்கே திறந்து பார்த்திருந்தேன். வண்டி பின்புறமாக இறங்கியது, எனவே பெட்டியைவிட அதிக ஆழத்தில் நின்றது கிரவுன்தான். அதன் பிரீதர் அடைபடாமல், கம்பெனியிலிருந்து வந்த ஹோஸோடு மேலே இருந்ததால் கால் டம்ளர் தண்ணீரோடு தப்பித்தது. எண்ணெயை மாற்றினேன், பிரிக்கவில்லை. இப்போது 60-ஐத் தாண்டினால் அங்கிருந்து மெல்லிய முனகல் ஒன்று வருகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் குறைகிறது, மிதித்தால் திரும்புகிறது. வண்டிக்காரர் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை. நானே போன் செய்து, ஜூன் 14-க்குள் இரண்டு நாள் வண்டியை விடச் சொல்லியிருக்கிறேன்.